ஓரத்தில் ஒரு டிக்

ஜனவரி 12

அன்பு வாலுவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வக்கீல் ஆபீசில் அந்த ஆடுகிற நாற்காலியை மாற்றித் தந்தார்களா, இல்லை இன்னும் அட்டையை மடித்து அதன் காலுக்கடியில் செருகிவைத்துத்தான் டைப் அடிக்கிறாயா?

எனக்குக் கொடுத்திருக்கும் அறை விடுதியில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். நாள் முழுக்க வெள்ளைப் போர்வைகளை உதறி உதறிக் கொடியில் போடுகிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடுகிறது.

என் மாணவிகள் எல்லோரும் வேலையில் இருக்கும் நர்சுகள். ஊசி போடுவதிலோ கட்டுக் கட்டுவதிலோ அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால்தான் தடுமாறுகிறார்கள். வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்தக் குட்டிச் சொல்லைப் போடுவது என்பதில்தான் அத்தனை பேரும் வழுக்குகிறார்கள். நம் மொழியில் 'ஐ'யும் 'கு'வும் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் தனக்கென்று ஒரு துணையைப் பிடித்து வைத்திருக்கிறது. 'டிபெண்ட்' என்றால் 'ஆன்'. 'கன்சிஸ்ட்' என்றால் 'ஆஃப்'. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. 'டிஸ்கஸ்' மாதிரி சிலதுக்குத் துணையே பிடிக்காது. நம் ஆட்கள்தான் தனியாகப் போகிறதே என்று பாவப்பட்டு 'அபவுட்'டைக் கூட அனுப்பிவைக்கிறார்கள்.

எந்த வினைக்கு எந்தத் துணை என்று சொல்லும் நம் ஆங்கிலக் கைப்புத்தகம் வெளிவந்தால் இவர்களுக்கு உதவும். அதனால்தான் வீட்டை விட்டு வந்தபிறகும் அந்த வேலையை நான் விடவில்லை. பதிப்பகத்தில் நானும் உன் அண்ணனும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. ஏற்பாடு உனக்கே தெரியும். நான் உதாரண வாக்கியங்களை எழுதி உனக்கு அனுப்புவேன். உன் அண்ணன் சிவப்புப் பென்சிலால் திருத்துவார். நீ அதை டைப் அடித்து, அவர் திருத்திய தாள்களோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவாய். போன் வேண்டாம். போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அவரைப் பற்றி நான் கேட்கமாட்டேன். நீயும் எழுதாதே.

முதல் கட்டுத் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சுகம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நாற்காலியும் அப்படியேதான். வக்கீலிடம் கேட்டால், 'ஆடுறது நாற்காலியா நீயான்னு முதல்ல பாரும்மா' என்கிறார்.

தாள்கள் திருத்தி வந்துவிட்டன. கட்டைப் பிரித்ததும் பயந்துவிடாதீர்கள். பத்திரிகை ஆபீசில் அண்ணனுக்குக் 'கத்திரி' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். முப்பது வரிச் செய்தியை ஆறு வரியாக்கிவிட்டு, இன்னும் இரண்டு வரி அதிகம் என்று முணுமுணுப்பவர் உங்கள் தாள்களை மட்டும் விட்டுவைப்பாரா? பாதிப் பக்கத்துக்கு மேல் சிவப்பு.

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். 'கீப் ஃப்ரம்' என்பதற்கு, மழைச் சாரல் படாமல் நர்ஸ் நோயாளியின் கட்டிலைத் தள்ளிப்போட்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அதை அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

'நர்ஸ் ரிப்போர்ட்ல மழை எதுக்குப் பெய்யுது?'

'பெய்ஞ்சிருக்கும், அதான் எழுதியிருக்காங்க' என்றேன்.

'கதை எழுதறா. இன்னும் கதைதான் எழுதறா' என்றார். அதையே ஓரத்திலும் எழுதியிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள். 'கதை வேண்டாம்.' நான் எண்ணவில்லை. நிறைய இடத்தில் இருக்கிறது.

ஆனால் தாள்கள் வந்த அன்று ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்து திருத்தினார். அண்ணன் மட்டம் போட்டு நான் பார்த்ததே இல்லை. இதற்கு மேல் எழுதினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள்.

அங்கே குளிர் என்றால் காதை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காதுவழியாகத்தான் சளி பிடிக்கும்.

உங்கள் வாலு


மார்ச் 10

அன்பு வாலு,

சளி பிடித்து, இருந்து, போயும்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன். நீ?

தாள்களைப் பார்த்தேன். அவர் அடித்தவற்றில் எது தப்பு என்று நான் வாதாடப் போவதில்லை. எப்போதும்போல எல்லாம் சரியாகத்தான் அடித்திருக்கிறார். அதுதான் என் வருத்தமே.

நான் ஏன் கிளம்பினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காகவே உனக்குச் சொல்ல வேண்டும். போன வருஷம் அவரிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. நேரில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் ஆபீஸ் குறிப்பு எழுதுகிற மாதிரி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி மேஜையில் வைத்தேன். இந்த வாழ்க்கை எனக்கு அலுத்துவிட்டது, நாம் பேச வேண்டும் என்று. அலுத்துவிட்டது என்பதற்கு 'டயர்ட் வித்' என்று எழுதியிருக்கிறேன். அவசரத்தில் என்ன வரும்? காலையில் அவர் ஆபீசுக்குப் போனபிறகு பார்த்தேன். தாள் அதே இடத்தில் இருந்தது. 'வித்'தை அடித்து 'ஆஃப்' என்று போட்டிருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

இதைச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். எனக்கும் இரண்டு நாள் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

கெட்ட மனுஷன் என்று நான் சொல்லமாட்டேன். கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் ஒரு மனுஷி சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் அதில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஆளோடு எத்தனை நாள் பேச முடியும்? கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதிய எதிலும் அவர் ஒரு டிக் போட்டதில்லை. கேட்டால், 'தப்பில்லாததுக்கு மார்க் எதுக்கு? மார்க் இல்லேன்னாலே சரின்னு அர்த்தம்' என்பார். ஆபீசிலும் அப்படித்தானாம். அவர் கையால் டிக் வாங்கியவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாதாம்.

அடுத்த கட்டை அனுப்புகிறேன். 'எல்' வரிசை முழுக்க இருக்கிறது. 'லுக்' ஒன்றுக்கே இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. டைப் அடிக்கும்போது கூன் போடாதே.

உன் அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கடிதம் சரியாகத்தான் வந்தது. எனக்குத்தான் கை ஒழியவில்லை. வக்கீல் ஆபீசில் நீண்ட லீவு போட்டிருக்கிறேன். முதுகுக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் கொஞ்சம் மாற்றம். மாடியில் வெயில் தாங்கவில்லை என்று கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதனால் சாப்பாட்டு மேஜை சமையலறைக்குப் போய்விட்டது, சமையலறைப் பீரோ வராந்தாவுக்கு வந்துவிட்டது. எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

'எல்' வரிசைத் தாள்கள் இதோடு வருகின்றன. இந்தத் தடவை திருத்தம் அதிகம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 14

அன்பு வாலு,

உன் முதுகு எப்படி இருக்கிறது? லீவு போடுகிற அளவுக்கு வலி என்றால் சும்மா இருக்காதே. நல்ல டாக்டராகப் பார். எனக்கு ஒரு குறையும் இல்லை.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பதினான்காம் தாள். 'லிசன்' என்ற வினை. 'லிசன் டு' என்றால் இருக்கிற சத்தத்தைக் கேட்பது. 'லிசன் ஃபார்' என்றால் இன்னும் வராத ஒரு சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது. இரண்டாவதுக்கு நான் எழுதியது என்ன வாக்கியம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், நீதானே டைப் அடித்தாய். 'வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் அவள் கதவுச் சத்தத்துக்காகக் காதைத் திறந்தே வைத்திருந்தாள்.' எழுதும்போதே தெரியும், அடிவிழும் என்று. எந்த ரிப்போர்ட்டிலும் வராத வாக்கியம். கலப்படமில்லாத கதை. வீம்புக்குத்தான் எழுதினேன்.

ஓரத்தில் டிக் போட்டிருக்கிறார்.

வகுப்பு முடிந்து வந்து கவரைப் பிரித்தேன். முதலில் பென்சில் தவறி இழுத்த கோடு என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிக்தான். சின்னதாக, கொஞ்சம் நடுங்கினாற்போல். போடலாமா வேண்டாமா என்று யோசித்துப் போட்டிருக்கிறார்.

நான் அழவில்லை. சலவைக்கூடத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிற அம்மாளோடு சேர்ந்து போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். 'இன்னிக்கு என்னம்மா, முகம் ஒரு மாதிரியா இருக்கு? ஏதாவது நல்ல சேதியா?' என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

ஏற்பாட்டை நானே மீறுகிறேன். எப்படி இருக்கிறார்?

உன் அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நன்றாக இருப்பது சந்தோஷம். என் முதுகுக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் இப்போது அதிகம் பேசுவதில்லை. யாரையும் கோபிப்பதும் இல்லை. நான் சமைத்ததை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். முன்பெல்லாம் உப்பு, புளி என்று தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்வாரே, அதெல்லாம் இல்லை. வீட்டில் சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது. ஆபீசுக்கும் போவதில்லை. உங்கள் தாள்களைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்.

'எம்'மிலிருந்து 'ஆர்' வரைக்கும் அனுப்பியிருக்கிறேன். 'பார்ட்' என்பதற்கு நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது. பிரிவது பொருளை என்றால் 'வித்', ஆளை என்றால் 'ஃப்ரம்'. இத்தனை வருஷம் டைப் அடித்தும் எனக்கு அது உறைத்ததில்லை.

டிக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அண்ணி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டிக்தானே.

இங்கே வெயில் குறைந்திருக்கிறது. நேரத்துக்குத் தூங்குங்கள்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 3

அன்பு வாலு,

நான் நன்றாக இருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. நீயும் அப்படி இருக்கவேண்டும்.

பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாய். 'எம்'மிலிருந்து 'ஆர்' வரை ஐந்து இடத்தில் இருக்கிறது, பார்த்தாயா? 'பார்ட் ஃப்ரம்'முக்கு, 'ரிகவர் ஃப்ரம்'முக்கு. 'மிஸ்டேக்' என்ற வினைக்கு 'ஃபார்' வரும் என்பதற்கு ஒரு வாக்கியம் எழுதினேனே, மௌனத்தைக் கோபம் என்று தப்பாக எடுத்துக்கொண்டதைப் பற்றி, அதற்கும். கோபம் இல்லை என்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு நான் எழுதியதைக் கேட்கிறார் என்கிறாய். நான் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றைத்தானே.

மாறமாட்டார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். மனுஷன் மாறிவிட்டால் நானும் என் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டாமா? இல்லையென்றால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

ராஜினாமா எழுதிவிட்டேன். தலைமை நர்ஸ் படித்துவிட்டு, 'எங்க பொண்ணுங்களோட இங்கிலீஷுக்கு இனிமே யாரு அடி குடுப்பா?' என்று கேட்டாள். மாதக் கடைசியில் விடுவிப்பார்கள். இங்கே என் சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

நீ அவரிடம் சொல்லிவிடு. ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், பெட்டியைத் தூக்கவேண்டாம். வாசலில் வந்து நின்றால் போதும். என்ன பேசுவது என்று அவர் யோசிக்கவும் வேண்டாம். நானே பேசிக்கொள்கிறேன். தப்புத் தப்பாகப் பேசப்போகிறேன் என்று சொல், சிரிக்கிறாரா பார்.

கட்டில் கூடத்திலேயே இருக்கட்டும். நான் வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 16

அண்ணி,

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இது கைக்கு வந்ததும் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள்.

அந்த டிக்குகளைப் போட்டது நான்.

அண்ணனால் பென்சில் பிடிக்க முடியாது. மார்ச் நடுவில் ஒருநாள், ஆபீசில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்கட்டு. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஏப்ரலில் சொன்னார்கள். மேயில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். அதற்குத்தான் கட்டில் கீழே வந்தது. அதற்குத்தான் லீவும்.

உங்கள் மார்ச் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தேன். அந்த நான்கு வரிக் குறிப்பைப் பற்றிய கடிதம். உள்ளே அவர் படுத்திருக்க, வெளியே நான் அதைப் படித்தேன். அப்போது உங்களுக்கு என்னவென்று எழுதுவது?

அவரிடம் கேட்டேன், 'அண்ணிக்கு எழுதட்டுமா?' என்று. தலையை இடதுபக்கமாக அசைத்தார். வேண்டாம் என்று சொன்னாரா, இல்லை அசைக்க முடிந்த பக்கம் அது ஒன்றுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் நீங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவீர்கள் என்று பயந்தேன். அதைவிடவும், வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயந்தேன். வரவில்லை என்றால் நான் உங்களை வெறுக்க வேண்டியிருக்கும். எனக்கு அதற்கு மனசு இல்லை. இந்த வீட்டில் என்னோடு சிரித்துப் பேசின ஆள் நீங்கள் ஒருத்திதான்.

தாள்களை அப்படியே திருப்பி அனுப்பினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் நானே திருத்தினேன். அவர் எப்படி அடிப்பார், எந்த இடத்தில் சுழிப்பார் என்பதெல்லாம் இத்தனை வருஷமாக டைப் அடித்த எனக்குத் தெரியும். அடிக்க வேண்டியதை எல்லாம் அடித்துக்கொண்டேதான் வந்தேன். பதினான்காம் தாளில் முடியவில்லை. அப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூச்சு சில சமயம் நின்று நின்று வரும். ஒன்று போனபிறகு அடுத்தது வருகிறதா என்று நான் காதைத் திறந்தே வைத்திருப்பேன். உங்கள் வாக்கியத்தைப் படித்ததும் கை தானாகப் போட்டுவிட்டது. அவர் டிக் போடமாட்டார் என்று அந்தத் தாள்களோடு வந்த கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்திருந்தேன். அந்த நேரம் அது நினைவில் இல்லை.

நீங்கள் சந்தோஷப்பட்டு எழுதியதைப் பார்த்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது மட்டுமில்லை, இன்னும் ஐந்து போட்டேன். உங்களை யாராவது ஒருவர் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. அது வேறொருத்தர் பெயரில் செய்கிற காரியம் என்று தோன்றவில்லை.

படித்துக் காட்டியதும், அவர் கண்ணை மூடிக் கேட்டதும் நிஜம். கேட்டாரா, தூங்கினாரா என்பது தெரியாது. மாறிவிட்டார் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். மாறினாரா என்று சொல்ல அவரால் முடியாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் எடுக்கிற முடிவு எதுவானாலும் எழுதுங்கள்.

வாலு


நவம்பர் 11

அன்பு வாலு,

நீ எப்படி இருக்கிறாய்? அவரைத் தூக்கி உட்காரவைப்பது யார்? நீ தனியாகத் தூக்கினால் முதுகு நிஜமாகவே போய்விடும். எங்கள் நர்சுகளிடம் கேட்டு, ஆளைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைப் படம் போட்டு வாங்கியிருக்கிறேன். இதோடு இருக்கிறது. அதில் காட்டியபடிதான் செய்யவேண்டும்.

உன் கடிதம் வந்து இத்தனை நாள் ஆகியும் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. ராஜினாமாவைத் திரும்ப வாங்கினேன். தலைமை நர்ஸ் என் முன்னாலேயே அதைக் கிழித்துக் கூடையில் போட்டாள். பிறகு வருவதா வேண்டாமா என்று இரண்டு தடவை டிக்கெட் எடுத்தேன், இரண்டு தடவையும் ரத்து செய்தேன்.

நான் வரவில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதென்று இல்லை. இங்கே தினமும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்குச் சோறு ஊட்டுவேன். வாய் துடைப்பேன். துடைக்கும்போதெல்லாம் மனசுக்குள், இப்போது திருத்து பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு எண்ணம் எனக்குள் இருக்கிறது வாலு. உன் கடிதத்தைப் படித்து முடித்த நிமிஷமே வந்தது. அதை வைத்துக்கொண்டு, வாய் பேச முடியாத ஒருவர் பக்கத்தில் நான் உட்காரக் கூடாது. ஊர் மெச்சும். ஆனால் உள்ளே இருப்பது எனக்குத் தெரியுமே.

ஒருவேளை இந்த எண்ணம் தேய்ந்து போகலாம். போனால் எழுதுகிறேன். போகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

இன்னொன்று. நான் வரக் கிளம்பியது அந்த டிக்கைப் போட்டவரிடம். அது நீ. அதற்காக உன்மேல் எனக்குக் குறையில்லை. என் வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருவர் அதில் தன்னைக் கண்டுகொண்டது எனக்குக் கிடைத்துவிட்டது. எதிர்பார்த்த இடத்திலிருந்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கட்டை நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். திருத்தியவர் என்று உன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ சொன்னது போல என்னை வெறுக்க வேண்டியிருந்தால் வெறுத்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல். இனிமேல் அவருக்கும் எனக்கும் நடுவில் நீ எதையும் மாற்ற வேண்டாம்.

உன் அண்ணி


டிசம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நர்சுகள் போட்டுக் கொடுத்த படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் இருக்கிறபடி முழங்காலை மடக்கித் தோளைப் பிடித்துப் புரட்டினால் அண்ணன் கனமே தெரியவில்லை. அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். வக்கீல் ஆபீசில் வேறு பெண்ணை வைத்துக்கொண்டுவிட்டார்கள். வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுக்க வேலை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார் வக்கீல்.

உங்களை வெறுக்கவேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க முயற்சி செய்தேன். இவ்வளவு நாள் உங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தது நான். தெரிந்ததும் நீங்கள் ஓடிவரவில்லை என்று நானே கோபித்துக்கொண்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. அதை இல்லை என்று எழுதமாட்டேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முகம் துடைத்து, தலையணை வைத்து உட்காரவைத்துவிட்டு, 'அண்ணி எழுதியிருக்காங்க, படிக்கவா?' என்று கேட்டேன். என்னையே பார்த்தார். முதல் வரியிலிருந்து படித்தேன். 'நான் வரவில்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு மேலே போகலாமா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை. சோறு ஊட்டுவது, வாய் துடைப்பது, மனசுக்குள் நீங்கள் சொல்லிக்கொள்ளப்போவது, எல்லாவற்றையும் படித்தேன். ஒரு வரி விடவில்லை. கண்ணை மூடாமல் கேட்டார்.

முடித்ததும் அழுதார். சத்தம் வரவில்லை, முகம் மட்டும் கோணி, ரொம்ப நேரம். நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைப் பற்றி டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இந்த நோயில் காரணம் இல்லாமலே அழுகை வருமாம். டம்ளர் கீழே விழுந்தால் வரும், யாராவது தும்மினால் வரும், மனசுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது என்று. போன வாரம் பால்காரர் மணியடித்ததற்கும் அழுதார். ஆகவே நீங்கள் இதற்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வாலு